டவரில் கழித்த 25 கேவிஏ ஜெனரேட்டர் பத்து நிமிடத்தில் நிற்பது ஏன்?

பின்னால் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காங்கேயம் பக்கம் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருக்கும் ஒருவர், செல்ஃபோன் டவரில் கழித்துவிட்ட 25 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் ஒன்றைப் பழைய சாமான் வியாபாரியிடம் வாங்கியிருக்கிறார். மூன்று ஃபேஸ், ஹவர் மீட்டரில் 3,100 மணி. ஸ்டார்ட் ஆகிறது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. லோடு கொடுத்தால் கரும்புகை. சைலன்சர் மூட்டில் தார்போல ஒரு கறுப்பு ஒழுகல். சில நாள் என்ஜின் ஓடுகிறது, ஆனால் வோல்டேஜ் வருவதே இல்லை. ஊர் மெக்கானிக் எஃப்.ஐ. பம்பை (டீசலை அழுத்தி நாசில்களுக்கு அனுப்பும் பம்ப்) கழற்றிச் சர்வீஸுக்கு அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா, இந்த மெஷின் 10 எச்.பி. மோட்டாரைத் தூக்குமா என்பது கேள்வி.

பம்பை இப்போது தொடாதீர்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை காசில்லாமல் பார்க்கக்கூடியவை. கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இருபது வருடங்களுக்கு மேல் இந்த வேலை பார்த்தவன் நான். கழிவு விலையில் வாங்கிய ஜெனரேட்டர்களில் ஓடித் தேய்ந்து கெட்டதைவிட, சும்மா கிடந்து கெட்டதும் பாதி லோடு கூட இல்லாமல் ஓடிக் கெட்டதும்தான் அதிகம். உங்களுடையது இரண்டையும் அனுபவித்திருக்கிறது.

3,100 மணி என்றதும் வியாபாரி பெருமையாகச் சொல்லியிருப்பார். நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும் நல்ல டீசல் என்ஜினுக்கு அது பெரிய வயதல்ல. பத்தாயிரம் மணி தாண்டியும் ஹெட் திறக்காத என்ஜின்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மணிகள் எப்படி ஓடின என்பதை மீட்டர் சொல்லாது. மீட்டரையே மாற்றியிருக்கலாம் என்பது தனிக்கதை. 25 கேவிஏ என்றால் 0.8 பவர் ஃபேக்டரில் 20 கிலோவாட். டவருக்கு வேண்டியது சில கிலோவாட்தான். ஏ.சி. ஓடாத நேரத்தில் அதுவும் குறையும். இருபது மூட்டை தூக்கக்கூடியவன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வருடக்கணக்கில் நடந்த மாதிரி. மனிதனுக்கு அது நிம்மதி, டீசல் என்ஜினுக்கு நோய்.

டவர் மட்டுமல்ல. 2008-க்குப் பிறகு தொடங்கி 2012-இல் உச்சத்துக்குப் போன மின்வெட்டு நினைவிருக்கும். சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் ஈ.பி. கிடையாது. அப்போது பனியன் கம்பெனி முதல் பல் மருத்துவமனை வரை எல்லோரும் ஜெனரேட்டர் வாங்கினார்கள். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்போடு இணைந்தது. அடுத்த சில வருடங்களில் நிலைமை தேறியது. அன்றைக்கு அவசரமாக வாங்கிய மெஷின்களில் பல பின்கட்டில் தார்ப்பாய்க்குள் கிடக்கின்றன. "குறைந்த மணிதான் ஓடியது" என்று விற்பனைக்கு வருபவற்றில் இவையும் உண்டு. குறைவாக ஓடியது உண்மைதான். அதற்காகவே கூடுதலாகச் சோதிக்க வேண்டும்.

இனி உங்கள் முதல் தொல்லை, நின்றுபோவது. எப்படி நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மெக்கானிக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. காது கொடுத்துக் கேளுங்கள். சுவிட்சை அணைத்ததுபோல ஒரே வெட்டாக நின்றால் அது மின்சாரம் நிறுத்தியது: ஸ்டாப் சோலினாய்டு (டீசலை அடைத்து என்ஜினை நிறுத்தும் மின்காந்தம்), ஆயில் பிரஷர் சுவிட்ச், தண்ணீர்ச் சூடு சுவிட்ச், அல்லது இவற்றுக்குப் போகும் ஒயர். மாறாக, மூச்சு வாங்கி, சுற்று ஏறி இறங்கி, நான்கைந்து முறை திணறி நின்றால் டீசல் போதவில்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

திணறித்தான் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முறை நின்ற உடனே வேறெதையும் தொடாமல் டீசல் டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டால், கண்டுபிடித்துவிட்டீர்கள். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கான சிறு துவாரம் மூடியிலோ டேங்க் மேலே ஒரு குழாயிலோ இருக்கும். அது அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டேங்கிலிருந்து டீசல் எடுத்துத் தரும் ஃபீட் பம்பால் பத்து நிமிடத்தில் இழுக்க முடியாமல் போகும். ஒரு கோழிப்பண்ணையில் இதே தொல்லை. எனக்கு முன் வந்தவர்கள் ஃபீட் பம்ப், ஃபில்டர், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) எல்லாம் மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். வென்ட் குழாய் வளைந்து கீழ்நோக்கி இருந்தது. ஒரு ஈர்க்குச்சியை உள்ளே விட்டேன். அரை விரல் போனதும் இடித்தது. குத்தி இழுத்தால் செம்மண் பொடி கொட்டியது, பின்னால் காய்ந்த சின்னப் பச்சைப் புழுக்கள் இரண்டு விழுந்தன. மண்கூடு கட்டும் குளவி, தன் குஞ்சுக்குத் தீனி வைத்து வாயை மெழுகியிருந்தது. ஈர்க்குச்சி வைத்தியத்துக்குக் கூலி கேட்கக் கூச்சமாக இருந்தது. பண்ணைக்காரர் ஒரு தட்டு முட்டை கொடுத்து அனுப்பினார்.

ஓசை வரவில்லை என்றால் கேன் சோதனை. ஐந்து லிட்டர் சுத்தமான கேனில் புது டீசலை நிரப்பி, ஃபீட் பம்பைவிட உயரத்தில் கட்டுங்கள். டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, கண்ணாடிபோலத் தெரியும் ஹோஸ் ஒன்றால் கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸையும் கேனுக்குள்ளேயே விடுங்கள். இப்போது ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் என்ஜினில் குறையில்லை. கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில்: டேங்கின் அடிச்சேறு, உள்ளே இருக்கும் வலை, வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப். கேனிலும் நின்றால் ஃபில்டர், ஃபீட் பம்ப் என்று முன்னேறலாம். எஃப்.ஐ. பம்ப் இந்த வரிசையில் கடைசி ஆள். அதைத் திறக்கக் கலிப்ரேஷன் பெஞ்ச் வைத்திருக்கும் பட்டறை வேண்டும், செலவும் அதிகம். தெரு முனையில் வைத்துத் திறந்தால் நல்ல பம்பும் கெடும்.

பழைய டீசலைப் பற்றி ஒரு வார்த்தை. பாதி டேங்கோடு கிடந்த மெஷினில் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் டேங்கின் உள்சுவர் வியர்க்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் நுண்ணுயிர் வளர்ந்து பாசிபோல வழுவழுப்பாகப் படியும். டிரெயின் பிளக்கைத் திறந்து முதல் ஒரு லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர்க் கோடோ கறுத்த கசடோ தெரிந்தால், டேங்கை இறக்கிக் கழுவாமல் ஃபில்டர் மாற்றுவது காசுக்குக் கேடு. இரண்டு மணி நேரத்தில் புது ஃபில்டரும் அடைக்கும்.

லைனை எங்கே திறந்தாலும் காற்று புகும், அதை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் தலையிலுள்ள பிளீட் ஸ்குரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி விட்டுவிட்டு வரும், பிறகு தெளிந்த டீசல் வரும், வரும்போதே முடுக்குங்கள். அடுத்து எஃப்.ஐ. பம்பின் பிளீட் ஸ்குரூ. அதற்கும் மசியவில்லை என்றால், செல்ஃப் அடிக்கும்போது நாசில் யூனியன் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திப் பிறகு முடுக்குங்கள். ஹோஸ் முனையில் இருக்கும் காப்பர் வாஷரைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துவது நம் ஊர்ப் பழக்கம். செய்யாதீர்கள், ஒரு வாஷர் மிச்சம் பிடித்து ஒரு நாள் முழுக்க ஏர் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று: நாசில் பக்கம் டீசல் நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் வருகிறது. பீய்ச்சும் இடத்தில் விரல் வைத்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது விரலை எடுக்கும் அளவுக்குக் கொண்டுபோகும் காயம். யூனியன் தளர்த்துவதெல்லாம் பழைய மெக்கானிக்கல் பம்ப் என்ஜினுக்குத்தான். 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சி.பி.சி.பி. (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்) நான்கு பிளஸ் புகை விதிக்காகச் செய்த காமன் ரெயில் என்ஜினில் (மிக உயர்ந்த அழுத்தத்தில், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சுவது) இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

ஒரே வெட்டாக நின்றால் வேறு வழி. டவர் மெஷினில் தானாக ஸ்டார்ட் ஆகி நிற்கும் ஆட்டோ பேனல் இருக்கும். கழிக்கும்போது ஒயர்களைக் கத்தரித்து எடுத்திருப்பார்கள், வியாபாரி ஏதோ முறுக்கி ஓட்டிக் காட்டியிருப்பார். அந்தப் பேனலைச் சரி செய்யும் ஆசையை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். முதலில் ஒரு சாவி, ஒரு ஸ்டார்ட் பட்டன், ஆயில் பிரஷருக்கும் தண்ணீர்ச் சூட்டுக்கும் இரண்டு சுவிட்ச், ஊசி காட்டும் மீட்டர் இரண்டு என்று எளிமையாகக் கையால் ஓட்டும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஊசி மீட்டர் ஏன் என்றால், சுவிட்ச் பொய் சொல்கிறதா உண்மையிலேயே பிரஷர் இறங்குகிறதா என்று அப்போதுதான் தெரியும். சூடான பிறகு ஆயில் பிரஷர் நிஜமாகவே விழுந்து நிற்கிறது என்றால் பேரிங் தேய்ந்திருக்கலாம், ஆயிலில் டீசல் கலந்து நீர்த்திருக்கலாம். சுவிட்சைத் துண்டித்துவிட்டு ஓட்டுவது மட்டும் கூடாது. அப்படி ஓட்டிக் கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழித்து வெளியே எட்டிப் பார்த்ததை இரண்டு முறை கண்டிருக்கிறேன்.

டிப் ஸ்டிக் நல்ல சாட்சி. ஆயில் அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், டீசல் இறங்குகிறது. விரலில் தேய்த்து மோந்து பாருங்கள். காபி நிறத்தில் திரிந்திருந்தால் தண்ணீர். அளவு மீறி நிரம்பிய ஆயில் இன்னொரு அபாயம்: அது காற்று வழியாக இழுக்கப்பட்டு எரிய ஆரம்பித்தால், ஸ்டாப் லீவரை இழுத்தாலும் என்ஜின் நிற்காது, சுற்று ஏறிக்கொண்டே போகும். கிடந்த மெஷினை முதல் முறை ஓட்டும்போது ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இன்டேக் வாயை மூடும் அளவுக்குப் பலகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் நிற்க வேண்டும். துணியோ கையோ உதவாது, உள்ளே இழுத்துவிடும். இன்றுவரை எனக்கு அந்தப் பலகை ஒரே ஒருமுறைதான் தேவைப்பட்டது. அந்த ஒருமுறை அது இல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

இரண்டாவது தொல்லை, கரும்புகையும் சைலன்சர் ஒழுகலும். அந்தத் தார் எரியாத டீசலும் கரியும் ஆயிலும் சேர்ந்த கலவை. லோடு மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் சிலிண்டர் போதிய சூட்டை எட்டாது. டீசல் முழுதாக எரியாது. பிஸ்டன் ரிங்குகள் லைனரோடு (சிலிண்டரின் உள்சுவர்) அழுந்திப் படியாது. மிச்சம் நாசில் முனையில் கரியாகவும், வால்வில் பிசினாகவும், சைலன்சரில் ஒழுகலாகவும் சேரும். வருடக்கணக்கில் போனால் லைனர் சுவர் கண்ணாடிபோல மினுங்க ஆரம்பிக்கும். ஆயிலைப் பிடித்து வைக்கும் மெல்லிய கீறல்கள் மறைந்துவிடும். பிறகு ஆயில் குடிக்கும்.

முதல் கட்டமாக இருந்தால் மருந்து எளிது: லோடு கொடுங்கள். ஏர் ஃபில்டரை முதலில் மாற்றிவிட வேண்டும். அடைத்த ஃபில்டரும் கரும்புகை தரும், அதைத் தட்டித் தட்டி வருடக்கணக்கில் ஓட்டும் புண்ணியவான்கள் உண்டு. ஆயிலையும் மாற்றுங்கள். பிறகு கால் பங்கு லோடில் அரை மணி, பாதியில் அரை மணி, முக்கால் பங்கில் இரண்டு மூன்று மணி நேரம். லோடு பேங்க் (சோதனைக்காக லோடு கொடுக்கும் பெட்டி) வாடகைக்குக் கிடைக்கும். இல்லையென்றால் 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் கம்பிகள் ஏழெட்டு, மூன்று ஃபேஸிலும் கூடியவரை சமமாகப் பிரித்து, தண்ணீர்த் தொட்டிகளில் போட்டால் 14, 16 கிலோவாட் வந்துவிடும். உப்புத் தண்ணீர் டிரம்மில் தகடு இறக்கி லோடு கொடுப்பது பழைய பட்டறை வித்தை. ஆள் அடிபடும், பரிந்துரைக்கமாட்டேன். முதல் மணி நேரம் புகை பயங்கரமாக வரும், சைலன்சரில் படிந்திருப்பது எரிந்து தீப்பொறி கூடத் தெறிக்கலாம். பக்கத்தில் கொப்பரைக் களம் இருந்தால் காற்றடிக்கும் திசையைப் பார்த்து ஓட்டுங்கள். மூன்று மணி நேரத்துக்குப் பின் புகை தெளிந்து, ஒழுகல் நின்றால் தப்பித்தீர்கள். நாசில்களை மட்டும் கழற்றிப் பிரஷர் பார்த்துச் சுத்தம் செய்தால் போதும்.

எந்த சிலிண்டர் சோம்பேறி என்று பார்க்க, மெதுவான ஓட்டத்தில் நாசில் யூனியனை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். தளர்த்தியதும் சுற்று தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. ஒன்றுமே மாறாவிட்டால் அவன்தான். புகை நீலமாகவே நின்று, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் ரயில் என்ஜின்போல ஆவி தள்ளினால் ரிங், லைனர் வேலை. வெள்ளைப் புகை காலையில் சற்று நேரம் வந்து போனால் பரவாயில்லை. சூடான பிறகும் வந்து ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது தொல்லைதான் நம் ஊரில் அதிகம் பணம் பிடுங்குவது. வோல்டேஜ் வரவில்லை என்றதும் ஏ.வி.ஆர். (வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கும் சர்க்யூட்) மாற்று என்பார்கள். முதலில் ஹெர்ட்ஸ் பாருங்கள். நான்கு போல் ஆல்டர்னேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் பகுதி) 1,500 சுற்றில்தான் 50 ஹெர்ட்ஸ் தரும். மெக்கானிக்கல் கவர்னர் (சுற்றைக் கட்டுப்படுத்தும் கருவி) வைத்த மெஷின் லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் பக்கம் நின்று, முழு லோடில் 50-க்கு இறங்க வேண்டும். சுற்று குறைந்தால் வேண்டுமென்றே வோல்டேஜைக் குறைப்பது ஏ.வி.ஆரின் வேலை, குற்றம் டீசல் ஃபில்டருடையது, பழி ஏ.வி.ஆர். மீது. நானே சின்ன வயதில் இப்படி ஒரு நல்ல ஏ.வி.ஆரைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

ஹெர்ட்ஸ் சரியாக இருந்தும் வோல்டேஜ் இல்லையென்றால், பிரேக்கருக்கு முன்னால் ஆல்டர்னேட்டர் டெர்மினலிலேயே அளந்து பாருங்கள். எல்லா லோடையும் கழற்றிவிட்டுத்தான்; ஏ.வி.ஆருக்கு அளவு சொல்லும் சென்சிங் ஒயர் கழன்றிருந்தால் வோல்டேஜ் கட்டுமீறி ஏறும், ஆலையில் இருப்பதெல்லாம் புகையும். ஐந்தாறு வோல்ட் மட்டும் காட்டினால் மெஷினுக்குள் மிச்சக் காந்தம் இருக்கிறது, கோளாறு ஏ.வி.ஆரிலோ அதற்குப் போகும் ஒயரிலோ சுழலும் டையோடுகளிலோ இருக்கும். பூஜ்யமே காட்டினால் காந்தம் போய்விட்டது, நீண்ட நாள் கிடந்தவற்றில் சகஜம். என்ஜினை நிறுத்தி, ஏ.வி.ஆரிலிருந்து ஃபீல்டுக்கு (காந்தத்தை உண்டாக்கும் காயில்) போகும் இரண்டு ஒயரையும் கழற்றி, பிளஸ் மைனஸ் மாறாமல் 12 வோல்ட் பேட்டரியை அந்த ஒயர்களில் மட்டும் சில விநாடி தொட வையுங்கள். ஏ.வி.ஆரில் தொட்டால் அது போயிற்று. ஒயரைத் திரும்ப மாட்டி ஓட்டினால் பெரும்பாலும் எழுந்து வரும்.

உங்களுக்கு ஒருநாள் வருகிறது, ஒருநாள் வரவில்லை. இப்படி விட்டுவிட்டு வந்தால் நான் முதலில் பார்ப்பது டெர்மினல்களைத்தான். வருடக்கணக்கான அதிர்வில் தளர்ந்து, பச்சை பூத்திருக்கும். ஏ.வி.ஆர். பெட்டியைத் திறக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். எலிப் புழுக்கையும் பல்லி முட்டையும் இல்லாத டவர் மெஷினை நான் பார்த்ததில்லை. டையோடுகள் ஆறு, எக்ஸைட்டர் (ரோட்டருக்கு மின்சாரம் தரும் சின்ன ஜெனரேட்டர்) பக்கம் சுழலும் தட்டில் இருக்கும், மல்டிமீட்டர் போதும். லோடு இல்லாதபோது சரியாக இருந்து, லோடு கொடுத்ததும் வோல்டேஜ் சரிந்தால் டையோடை மறக்காதீர்கள். மழையில் கிடந்திருந்தால், எந்த லோடும் கொடுக்கும் முன் ஏ.வி.ஆரைக் கழற்றி வைத்துவிட்டு 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைண்டிங்கைச் சோதியுங்கள். ஒரு மெக் ஓமுக்குக் கீழே வந்தால் வைண்டிங்கை உலர்த்தாமல் ஓட்டக் கூடாது.

10 எச்.பி. மோட்டார் தூக்குமா என்றால், தூக்கும். எப்படி ஸ்டார்ட் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 25 கேவிஏ, 415 வோல்ட்டில் சுமார் 35 ஆம்பியர். 10 எச்.பி. மோட்டார் ஓடும்போது 14, 15 ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் நேரடியாக ஸ்டார்ட் செய்தால் ஆறு மடங்கு, அதாவது 85 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். என்ஜின் முனகும், கான்டாக்டர் படபடக்கும். மோட்டாரைக் குறைந்த வோல்டேஜில் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் அது மூன்றில் ஒன்றாகும், 30 ஆம்பியருக்குள் அடங்கும். பெரிய மோட்டாரை முதலில் கிளப்பிவிட்டுச் சின்னதுகளையும் விளக்குகளையும் பிறகு போடுங்கள். மோட்டாரில் 8 கிலோவாட், மற்றதெல்லாம் சேர்த்து 13, 14 வந்தால் இந்த மெஷினுக்குப் பொருத்தமான சோறு. முக்கால் லோடில் மணிக்கு நாலு, நாலரை லிட்டர் டீசல் குடிக்கும். ஆறு குடித்தால் கோளாறு இருக்கிறது.

இணைப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நான்கு போல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். ஈ.பி. லைனோடு ஜெனரேட்டர் ஒரு கணமும் சேரக்கூடாது. உங்கள் 415 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியே பின்னால் ஏறிப் பல ஆயிரம் வோல்ட்டாக மாறும், அந்த லைனில் ஒயர்மேன் தொங்கிக்கொண்டிருப்பார். நியூட்ரல் எர்த்தும் பாடி எர்த்தும் தனித்தனிக் குழிகள். நியூட்ரல் நட்டை ஒருமுறைக்கு இரண்டு முறை முடுக்குங்கள்: அது கழன்றால் சிங்கிள் ஃபேஸில் இருக்கும் டியூப்லைட்டும் கல்லாக் கம்ப்யூட்டரும் 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வரை பார்க்க நேரும். புகைக்குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அறைக்குள் தூங்குபவரை எழுப்பாது. ரேடியேட்டர் ஊதும் சூடான காற்று சுவரில் மோதித் திரும்பக் கனோபிக்குள் (மெஷினை மூடிச் சத்தம் அடக்கும் பெட்டி) நுழையும்படி வைத்தால், மே மாதத்தில் தண்ணீர் கொதித்து நிற்கும். அப்போது மறுபடி எஃப்.ஐ. பம்பைக் கழற்றச் சொல்வார்கள்.

பெயர்ப் பலகையில் தயாரிப்பு வருடம் பாருங்கள். 2005 ஜனவரி 1-க்குப் பின் செய்த 1,000 கேவிஏ வரையிலான மெஷின் கனோபிக்கு ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபலுக்கு மேல் சத்தமிடக்கூடாது என்பது விதி. வியாபாரி கனோபியைத் தனியாகத் தகரக் கடைக்கு விற்றிருந்தால் அந்தத் தலைவலி உங்களுடையது. அனுமதிச் சமாச்சாரங்களுக்கு உரிமம் உள்ள மின் ஒப்பந்ததாரரைக் கேளுங்கள்.

பராமரிப்புக்கு வருகிறேன். ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர்: பொதுவாக 250 மணிக்கு ஒருமுறை; மணி ஆகாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை. "ஓடவே இல்லையே, எதற்கு மாற்ற வேண்டும்" என்பார்கள். ஆயிலில் சேர்ந்த அமிலம் ஓடாமலும் பேரிங்கைத் தின்னும். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள். காங்கேயம் தண்ணீரின் உப்பு உங்களுக்குத் தெரியாததல்ல, பாத்திர அடியில் படிவது பிளாக்குக்குள்ளும் படியும். டிஸ்டில்டு தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி. பேட்டரி டெர்மினலைக் கழுவி வாசலின் தடவுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 12 வோல்ட் பேட்டரி 9.6-க்குக் கீழே விழுந்தால் புதுப் பேட்டரிக்குப் பணம் எடுத்து வையுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், ஒரு நிமிடம் ஆற விடுங்கள்.

வாரா வாரம் ஐந்து நிமிடம் சும்மா ஓட்டி நிறுத்துவது பலர் பழக்கம். அது மெஷினுக்குச் செய்யும் நன்மை அல்ல. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரியும் கொஞ்சம் தண்ணீரும் உள்ளே விட்டுவிட்டு அணைக்கிறீர்கள். அதற்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செக்கு மோட்டாரையே கொடுத்து, முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். டேங்கை எப்போதும் நிரப்பியே வையுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் விடுவதானால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சைலன்சர் வாயில் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். உங்கள் ஊரில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை, அதுவும் போதும். வென்ட் குழாய் வாயில் மெல்லிய கம்பி வலை கட்டினால் குளவி வராது. மறுபடி ஓட்டும் முன் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்து, ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆயில் பிரஷர் ஊசி அசையும்வரை விட்டுவிட்டுச் செல்ஃப் அடித்து, அதன் பிறகுதான் டீசல்.

ஆகவே உங்களுக்கு வரிசை இது: டேங்க் மூடி, பாட்டிலில் டீசல், கேன் சோதனை, ஏ.வி.ஆர். டெர்மினல்கள், பிறகு மூன்று மணி நேர லோடு. இவ்வளவுக்கும் ஃபில்டர், ஆயில், ஹோஸ் செலவுதான். லோடு ஓட்டிய பிறகும் ஒழுகல் நிற்காமல், பத்து மணி நேரத்தில் ஒரு லிட்டர் ஆயில் குடித்தால், லைனர் கண்ணாடியாகிவிட்டது. ஹெட் இறக்கி ஹோனிங் செய்து (லைனர் சுவரில் மறுபடி கீறல் போட்டு) ரிங் மாற்ற வேண்டும். அந்த நிலைமை வந்தால், என்ஜின் நம்பர் தகட்டைப் படமெடுத்துக்கொண்டுபோய் லைனர் செட், பிஸ்டன் ரிங் விலையை முதலில் விசாரியுங்கள். பழைய மாடலுக்கு உதிரி கிடைப்பதே பாடு. விலை நீங்கள் மெஷினுக்குக் கொடுத்ததில் பாதியைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரை வைத்துக்கொண்டு என்ஜினை எடைக்குப் போடலாம். நல்ல 25 கேவிஏ ஆல்டர்னேட்டருக்கு எப்போதும் ஆள் இருக்கிறது.